ஆறு வயது மகளுக்கு எச்.ஓ. ரயிலா, 'என்' அளவு ரயிலா?

கிறிஸ்துமஸ் மரத்தடியில் ஓட்ட ஒரு மின்சார மாதிரி ரயில் வாங்கக் கேட்டிருக்கிறீர்கள்; எச்.ஓ., 'என்' இரண்டும் அத்தகைய ரயில்களின் அளவுப் பெயர்கள். எச்.ஓ.வையே வாங்குங்கள். ஆறு வயதுக் கைக்கு 1:160 விகிதத்தில் (நிஜ ரயிலில் 160-இல் ஒரு பங்கு) வரும் 'என்' மிகவும் பொடியானது. பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றி வைப்பதற்குள் குழந்தைக்கு அழுகை வந்துவிடும். எச்.ஓ. 1:87. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.; மற்றதில் வெறும் 9.

நண்பர் வீட்டில் கம்பளத்தின் மேல் ஓட்டிய 'என்' ரயில் அடிக்கடி தடம் புரண்டதாகச் சொன்னீர்கள்; அதற்குப் பெரும்பாலும் அந்தக் கம்பளம்தான் காரணம். அது அமுங்கும்போது தண்டவாள இணைப்புகள் மேலும் கீழுமாக விலகும். நூல்பிசிறும் சக்கர அச்சில் சுற்றிக்கொள்ளும். எச்.ஓ.வும் கம்பளத்தில் இதே கூத்தைத்தான் காட்டும். அடியில் ஒரு பலகை போடுங்கள். ஜல்லிமேடு போன்ற அடித்தளத்தோடு சேர்ந்தே வரும் தண்டவாளம் உள்ள செட்டாகப் பாருங்கள்.

வாங்குமுன், கிறிஸ்துமஸ் மரம் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் குறுக்களவில் நூலால் வட்டம் போடுங்கள். வழக்கமான 18 அங்குல ஆர வளைவுக்கு அவ்வளவு இடம் வேண்டும்.

எச்.ஓ. செட்டுகள் பலவற்றில் '14 வயதுக்கு மேல்' என்று அச்சிட்டிருக்கும். கூட உட்கார்ந்து ஓட்ட நேரமில்லையென்றால் மர ரயிலே போதும். அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவருவதாக எழுதியிருந்தீர்கள். மின்மாற்றியில் 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் அதை நம் ஊர் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகவே கூடாது.