ஃபர்ரி சந்திப்புகளுக்கு ஊர் விட்டு ஊர் போவது ஏன் குறைந்துவிட்டது? செட்டு சேர்ந்துகொள்வதுதான் காரணமா?

செட்டும் ஒரு காரணம்தான். ஆனால் எது முதலில் நடந்தது என்பதில் எனக்கு வேறு கருத்து இருக்கிறது. உள்ளூரில் செட்டு சேர்ந்துவிட்டதால் வெளியூர்க்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். புதுச்சேரியில் நான் பார்த்தது நேர்மாறு. வெளியூர்க்காரர்கள் வருவது முதலில் குறைந்தது. மிச்சமிருந்தவர்கள் தங்களுக்குள்ளேயே பழகிப் பழகி செட்டாகிவிட்டார்கள். அப்புறம் யாராவது வந்தாலும் அவர்களிடம் என்ன பேசுவது என்றே தெரியாமல் போய்விட்டது.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு இரண்டு வரி. மனிதரைப் போல நடக்கும், பேசும் விலங்குப் பாத்திரங்களை ரசிப்பவர்களும் வரைபவர்களும்தான் ஃபர்ரிகள். பலர் தங்களுக்கென்று ஒரு விலங்குப் பாத்திரத்தை உருவாக்கிக்கொள்வார்கள், அது ஃபர்சோனா. சிலர் அதை உடுப்பாகவே தைத்துப் போட்டுக்கொள்வார்கள், அது ஃபர்சூட். முழு உடுப்பு வைத்திருப்பவர்கள் வெளிநாட்டிலும் சிறுபான்மைதான். நம் கடலோர வெக்கைக்கு இங்கே பெரும்பாலும் தலை, கையுறை, வால், அவ்வளவுதான். மற்றவர்கள் வரைகிற நோட்டோடு வருவார்கள்.

இந்தக் கூட்டம் உருவானதே ஊர் விட்டு ஊர் போனவர்களால்தான். 1980-களின் நடுவில் கலிஃபோர்னியாவில் நடந்த அறிவியல் புனைகதை மாநாடுகளுக்குப் போன மார்க் மெர்லினோவும் ராட் ஓ'ரைலியும், தங்கள் ஹோட்டல் அறையில் விருந்து வைத்து, விருப்பமுள்ள யாரும் வரலாம் என்று அழைத்தார்கள். 1989 ஜனவரியில் அங்கே கோஸ்டா மேசாவில் முதல் ஃபர்ரி மாநாடு நடந்தபோது வந்தவர்கள் 65 பேர். இன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் நடக்கும் ஆந்த்ரோகான் என்ற ஃபர்ரி மாநாட்டுக்கு 10,000 பேருக்கு மேல் வருகிறார்கள். முன்பின் தெரியாதவருக்குக் கதவைத் திறந்து வைத்ததால் வளர்ந்த கூட்டம் இது. அதனால்தான் இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

சரி, பயணம் ஏன் குறைந்தது? எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு முன்பெல்லாம் சந்திப்பு என்றால் சென்னை, இல்லாவிட்டால் பெங்களூரு. சென்னைக்கு ஈசிஆரில் 150 கி.மீ. பஸ். பெங்களூருக்கு 300 கி.மீ.க்கு மேல், ராத்திரி பஸ்தான். வேறு வழி இல்லாததால் போனோம். போன இடத்தில் எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்களாக இருந்ததால் யாரும் யாருக்கும் அந்நியமாகப் படவில்லை. பிறகு ஊருக்கு ஊர் சின்னக் குழுக்கள் வந்தன. அது நல்லதுதான், கடலூரில் இருக்கும் ஒரு பையன் தன்னைப் போல இன்னொருவனைத் தேவனாம்பட்டினம் கடற்கரையிலேயே பார்க்க முடிந்தது சாதாரண விஷயமில்லை. ஆனால் பக்கத்திலேயே ஆறு பேர் கிடைத்துவிட்டால் மூன்று நான்கு மணி நேரம் பஸ்ஸில் உட்கார யாருக்கு மனசு வரும்? போதாததற்கு எல்லா ஊரிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமை சந்திப்பு வைக்கிறார்கள். தினமும் ராத்திரி டிஸ்கார்ட் அரட்டையிலும் விஆர்சாட் என்ற மெய்நிகர் உலகத்திலும் பேசிக்கொள்வதால், நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பும் குறைந்துவிட்டது.

வீட்டு நிலவரத்தையும் சொல்ல வேண்டும். இந்த ரசிகர்களில் பெரும்பாலோர் பதின்பருவத்தின் கடைசியிலும் இருபதுகளிலும் இருப்பவர்கள் என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆய்வு செய்தவர்கள் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள். இங்கேயும் அதே வயதுதான். கையில் காசு கிடையாது. ஃபர்ரி என்றால் என்ன என்று அப்பாவிடம் விளக்க முடியாது. கடைசி பஸ்ஸுக்குள் வீடு திரும்ப வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இதில் இரண்டு மடங்கு சிரமம். ஒருத்தி வரவில்லை என்றவுடனே ‘அவளுக்கு ஆர்வமில்லை’ என்று முடிவு கட்டுகிறவர்கள் இதையெல்லாம் யோசிப்பதே இல்லை.

இத்தனையையும் சமாளித்து ஒருவர் வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செட்டு வேலை செய்வது அப்போதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெய்வேலியிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் வந்திருந்தாள். வடலூர், கடலூர் என்று பஸ் மாறி வந்தவள், கையில் ஒரு பெரிய கட்டைப்பை. மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால் நாங்கள் காந்தி சிலைக்குப் பக்கத்தில் கூடுவது வழக்கம். எனக்கு அன்று வேலை முடிந்து வரவே நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் நம் ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து, முந்தின வாரம் வாட்ஸ்அப்பில் நடந்த ஏதோ ஒன்றைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் சுவர் ஓரமாக, பையை மடியில் வைத்துக்கொண்டு, புரியாமலேயே கூடச் சிரிக்கிறாள். யாரும் அவளை விரட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. ‘வாங்க’ என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கூடப் போனேன். அங்கே வைத்துத்தான் பையைத் திறந்து காட்டினாள். ஒரு செந்நாய்த் தலை. மெத்தைக் கடை ஃபோமை வெட்டி, ரோமத்துணி ஒட்டி, அவளே செய்தது. கன்னத்தில் ரோமம் நீளமாகவும் மூக்குப் பக்கம் வர வர குட்டையாகவும் இருக்கும்படி கத்தரியால் படிப்படியாக ஒட்ட வெட்டியிருந்தாள். அந்த வேலைக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

“ஏம்மா போட்டுக்கல?” என்றேன்.

“யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியலக்கா.”

இதை வெறும் கூச்சம் என்று தள்ளிவிட முடியாது. தலையை மாட்டிக்கொண்டால் கண்ணில் இருக்கும் வலை வழியாக நேரே முன்னால் இருப்பது மட்டும்தான் கொஞ்சம் தெரியும். கால் வைக்கிற படி தெரியாது, பக்கத்தில் ஓடி வரும் குழந்தை தெரியாது. உள்ளே சின்ன ஃபேன் வைத்தாலும் புதுச்சேரிக் காற்றின் ஈரத்தில் வேர்த்துக் கொட்டும். கூடவே ஒருவர் நடக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், வாலைப் பிடித்து இழுப்பவர்களைத் தடுக்க வேண்டும், செல்போனையும் பையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹேண்ட்லர் என்கிறோமே, அவர் இல்லாமல் யாரும் தலையைப் போடக் கூடாது. செட்டுக்குள் இருப்பவருக்கு அந்த ஆள் தானாகக் கிடைத்துவிடுவார். தனியாக வந்தவர் யாரை நம்பிக் கையைக் கொடுப்பார்? அதனால் ஃபர்சூட்காரரைப் பொறுத்தவரை, செட்டுக்கு வெளியே நிற்பது என்றால் கொண்டுவந்த உடுப்பு பையைவிட்டு வெளியே வராது என்று அர்த்தம். ஒரு தடவை அப்படித் திரும்பியவர் மறுபடி வடலூரில் பஸ் மாறி வரமாட்டார்.

பொதுமக்களைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டியதில்லை. புலியாட்டமும் பொய்க்கால் குதிரையும் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நம் மக்கள். தலையைப் பார்த்ததும் குழந்தைகள் கை கொடுக்க ஓடி வரும், பெரியவர்கள் நின்று எந்த ஊரில் செய்தது என்று கேட்பார்கள். வெளியூர்க்காரருக்கு நம் ஆட்களிடம்தான் கூச்சம்.

செட்டைக் கலைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பழைய நண்பர்கள் இருப்பதால்தான் சந்திப்பே மாதா மாதம் நடக்கிறது. ‘எல்லோருக்கும் இடம் உண்டு, அவங்களாதான் வந்து கலந்துக்கணும்’ என்று நடத்துகிறவர்கள் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பஸ் மாறி மாறி வந்தவர் தன் பங்கைச் செய்தாகிவிட்டது. இனி நம் பங்கு. இப்போது எங்கள் குழுவில் வெளியூரிலிருந்து யார் வந்தாலும் பஸ் ஸ்டாண்டுக்கு ஒருவர் போய் அழைத்து வருகிறார். அவரே திரும்பி பஸ் ஏற்றிவிடும்வரை பொறுப்பு. முதல் ஒரு மணி நேரம் நோட்டுகள் கை மாறும், ஆளுக்கு ஒரு படம் அடுத்தவர் நோட்டில் வரைய வேண்டும். பேச்சு வராதவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. கடலூர்க்காரர்களோடு பேசி ஒரு மாதம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச், ஒரு மாதம் புதுச்சேரி என்று வைத்துக்கொண்டோம். இருபது கி.மீ. சொச்சம்தான், ஆனாலும் ‘நம்ம இடம்’ என்று யாரும் கால் நீட்டி உட்கார முடிவதில்லை. (மாசி மகத்தை ஒட்டி மட்டும் தேவனாம்பட்டினத்தில் வைக்காதீர்கள், தீர்த்தவாரிக் கூட்டத்தில் நிற்கவே இடம் இருக்காது.) தேதி குறிப்பதற்கு முன்பு சென்னைக்காரர்களிடமும் கேட்டுக்கொள்கிறோம்.

நெய்வேலிப் பெண் சில்வர் பீச்சுக்கு வந்தாள், செந்நாய்த் தலையோடு. கடலூர்ப் பெண் ஒருத்தி கூடவே நடந்தாள்.

கேள்வி கேட்டவர் விழுப்புரம், சிதம்பரம் பக்கமாக இருந்தால் எங்கள் சந்திப்புக்குத் தாராளமாக வரலாம். தலை கொண்டுவருவதாக இருந்தால் மட்டும் இரண்டு நாள் முன்னால் சொல்லிவிடுங்கள், உடை மாற்ற இடமும் கூட நடக்க ஆளும் பார்த்து வைக்க வேண்டும்.