இ.எஸ்.டி. தரையும் எர்த்தும்: டெல்டாக்காரர்கள் கேட்டவை

22 வருடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போர்டு அசெம்பிளி ஆலைகளில் ஸ்டாட்டிக் கட்டுப்பாடு பார்த்துவிட்டு, இப்போது திருவையாறில் இருக்கிறேன். உடம்பில் சேர்ந்த ஸ்டாட்டிக் மின்னேற்றம் தொட்டவுடன் சட்டென்று பாய்வதுதான் இ.எஸ்.டி. தரை, செருப்பு, எர்த் மூன்றைப் பற்றியும் கேளுங்கள்.

கும்பகோணம், செல்போன் சர்வீஸ்: நம்ம ஊர்க் காற்றிலேயே ஈரம் இருக்கிறதே அண்ணே, ஸ்டாட்டிக் வருமா?

வரும் தம்பி. சாதா வினைல் தரையில் நடந்தால் வறண்ட காற்றில் 12,000 வோல்ட் வரை உடம்பில் ஏறும். நல்ல ஈரக்காற்றில் அது 250 வோல்ட் அளவுக்கு இறங்கும். ஆனால் இ.எஸ்.டி. தரநிலை கேட்பது 100 வோல்ட்டுக்குள். சுமார் 3,000 வோல்ட் ஏறினால்தான் நமக்குச் சுருக்கென்று உறைக்கும். 250 நமக்குத் தெரியாது, ஆனால் போர்டில் உள்ள நுட்பமான ஐ.சி. (சிப்) அதிலேயே செத்துவிடலாம். கதவை மூடி ஏ.சி. போட்டுவிட்டால் அந்த ஈரமும் போய்விடும்.

திருவாரூர், பாலிடெக்னிக் லேப்: வினைல் டைல், எபாக்சி, ரப்பர் பாய், எதைப் போடலாம் ஐயா?

முதலில் தரையின் ஈரத்தைப் பாருங்கள். வாய்க்காலை ஒட்டிய கட்டடங்களில் அடியிலிருந்து ஓதம் ஏறும். ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி, 16 மணி நேரமாவது விட்டுவிட்டுத் தூக்குங்கள். அடியில் நீர்த்துளி இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ எதையும் ஒட்டாதீர்கள், பசை விட்டுவிடும். ஓதத்தைத் தீர்த்த பிறகுதான் மற்றது.

நான்கைந்து மேசைதான் என்றால் முழுத் தரையையும் மாற்ற வேண்டாம். எர்த்தோடு இணைத்த மேசைப் பாய், தரைப் பாய், மணிக்கட்டில் கட்டும் கைப்பட்டை போதும். பெரிய லேப் என்றால் கண்டக்டிவ், அதாவது மின்சாரம் கடத்தும், வினைல் டைலை எடுங்கள். அடியில் செம்பு நாடா ஓட வேண்டும், பசையும் மின்சாரம் கடத்தும் பசையாக இருக்க வேண்டும். சாதா பசையில் ஒட்டி, விலையுயர்ந்த டைலை வெறும் பிளாஸ்டிக்காக ஆக்கியதை ஒரு ஆலையில் கண்ணால் பார்த்தேன். முழுத் தரையையும் பெயர்த்தார்கள். கனமான டிராலி ஓடும் இடத்துக்கு எபாக்சி நல்லது, ஆனால் பூசுகிறவர் கை தேர்ந்தவராக இருக்க வேண்டும்.

தரையின் மின்தடை 10 லட்சம் ஓமுக்குக் கீழே இருந்தால் கண்டக்டிவ், அதற்கு மேல் 100 கோடி ஓம் வரை டிஸ்ஸிப்பேட்டிவ், அதாவது மெதுவாக வடியவிடும் தரை. ஆள், காலணி, தரை மூன்றும் சேர்ந்து 100 கோடிக்குக் கீழே நிற்க வேண்டும். எவ்வளவு நல்ல தரையானாலும் ரப்பர் செருப்போடு நின்றால் பலன் கிடையாது. ஹீல் ஸ்ட்ராப்பை (உடம்பைத் தரையோடு இணைக்கும் குதிகால் பட்டை) இரண்டு காலிலும் மாட்டச் சொல்லுங்கள். அளக்க மல்டிமீட்டர் உதவாது, 10 வோல்ட்டும் 100 வோல்ட்டும் தரும் மீட்டர் வேண்டும்.

தஞ்சாவூர், எல்.இ.டி. பல்பு கோர்ப்பு: பழைய வீடு, சிவப்பு சிமெண்ட் தரை. பெண்கள் வெறுங்காலோடுதான் வேலை செய்கிறார்கள். அது போதாதா?

மழைக்காலத்தில் ஸ்டாட்டிக் கால் வழியாக ஓரளவு இறங்கும், சித்திரையில் இறங்காது. மெழுகு தேய்த்து மினுக்கிய தரையானால் எப்போதுமே நம்ப முடியாது. எனக்கு அதைவிடப் பெரிய பயம், அதே இடத்தில் 230 வோல்ட் கொடுத்துப் பல்பைச் சோதிப்பது. வெறுங்கால், ஈர சிமெண்ட், கையில் கரண்ட்: உயிர் போகும். கைப்பட்டைக்குள் 10 லட்சம் ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 230 வோல்ட் பட்டாலும் அதன் வழியாக 0.23 மில்லி ஆம்பியர்தான் ஓடும். வெறுங்காலுக்கு அந்தக் காவல் இல்லை. சோதனை மேசையைத் தனி அறைக்கு மாற்றி, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) போடுங்கள். அந்த மேசையில் கைப்பட்டை கட்டவே கூடாது.

மன்னார்குடி, எலெக்ட்ரீஷியன்: இ.எஸ்.டி. பாய்க்குத் தனியாக உப்பும் கரியும் போட்டுக் குழி எடுத்துக் கொடுக்கிறேன். கட்டட எர்த்தோடு சேர்த்தால் அழுக்கு கரண்ட் வராதா?

குழி எடுத்தது தப்பில்லை. தனியாக விட்டதுதான் தப்பு. சால்டரிங் ஸ்டேஷன் கட்டட எர்த்தில், பாயும் ஆளும் உங்கள் குழியில். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு வோல்ட் வித்தியாசமோ அது போர்டின் வழியாகத்தான் சமமாகும். இடி விழுந்தாலோ எங்காவது லைன் தரையில் பட்டாலோ அந்த வித்தியாசம் ஆயிரக்கணக்கில் போகும்.

மறுபடி மன்னார்குடி: 15 வருடமாகச் செய்கிறேன் சார். நம்ம களிமண்ணில் ரீடிங் பிரமாதமாக வருகிறது.

ஐப்பசி மழையில் அளந்திருப்பீர்கள். வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்கள், அதற்கு முன் வைகாசியில் அளந்து பாருங்கள். களிமண் காய்ந்து எர்த் ராடை விட்டு விலகியிருக்கும். அப்போதும் ரீடிங் நன்றாக வந்தாலும் என் பதில் மாறாது. வித்தியாசம் வராமல் இருப்பதற்கு ஒரே வழி இரண்டையும் சேர்ப்பது. உங்கள் குழி, கட்டட எர்த் குழி, இரண்டுக்கும் நடுவே மீட்டர் வைத்துச் சொல்லுங்கள்.

மயிலாடுதுறை: ஈரமான ஊருக்கு இதெல்லாம் தேவையா?

கும்பகோணத்துக்குச் சொன்ன பதில்.

பாபநாசம்: சாக்கெட்டில் எர்த் இல்லை. நியூட்ரலில் இணைக்கலாமா?

கூடவே கூடாது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் பாய், மேசை, கைப்பட்டை எல்லாமே லைவ். எர்த் இழுத்த பிறகு கடையைத் திறங்கள்.

நாகப்பட்டினம், படகு ஜி.பி.எஸ். ரிப்பேர்: ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் எர்த் சீக்கிரம் அரித்துவிடுகிறது.

உப்பு மண்ணில் அரிக்கத்தான் செய்யும். செம்பு பூசிய ராட் போடுங்கள். ராடைவிட அதன் கிளாம்பு முதலில் போகும், அதை அடிக்கடி திறந்து பாருங்கள்.

வலங்கைமான்: நம்ம பக்கம் காற்றில் ஈரம் அதிகம், அதனால்...

மேலே இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. படித்துவிட்டு வாருங்கள்.

மன்னார்குடி: மீட்டர் வைத்தேன் சார். பக்கத்து வெல்டிங் பட்டறை ஓடும்போது 14 வோல்ட் ஏ.சி. காட்டுகிறது.

அளந்ததற்கு நன்றி தம்பி. அந்த 14 எங்கிருந்து கசிகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பட்டறையில் யாராவது நியூட்ரலை எர்த்தோடு முடிந்திருக்கிறார்களா பாருங்கள். பிறகு மெயினை அணைத்துவிட்டு, இரண்டு குழியையும் செம்புக் கம்பியால் மெயின் எர்த் பாரில் சேர்த்து, மறுபடி அளந்து எண்ணை எழுதுங்கள். இதுவரை தனிக்குழி போட்டுக் கொடுத்த கடைகளுக்கும் போய்ச் சேர்த்துவிடுங்கள்.