மழலையில் பேசினால் தமிழ் கெடுமா?

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் வசிக்கிறோம். ஒன்றரை வயது மகளிடம் ‘மம்மு’, ‘ஜோஜோ’ என்று நானும் கணவரும் கொஞ்சிப் பேசுவதால் அவளுக்குத் தமிழே திருந்தாது என்கிறார் நாத்தனார். நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அமெரிக்கா, ரஷ்யா, சுவீடன் ஆகிய நாடுகளின் தாய்மார்கள் குழந்தைகளிடம் பேசும்போது உயிரொலிகளை வழக்கத்தைவிட மிகைப்படுத்தி ஒலிப்பதை, குழந்தைகளின் மொழி கற்றலை ஆராயும் பட்ரீசியா கூல் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். ஒலிகளைப் பிரித்தறிய அது குழந்தைக்கு உதவக்கூடும். ‘மம்மு’வின் மகரமோ உதடுகளை மூடித் திறந்தாலே பிறப்பது, பல் முளைக்காத வாய்க்கும் எளிது. ஆனால், மகள் ‘தாத்தா போ’ என்றால் அதையே திருப்பிச் சொல்லாமல், ‘ஆமாம், தாத்தா கடைக்குப் போனார்’ என்று வாக்கியத்தை நிறைவு செய்து கொடுங்கள்.

‘வாங்கம்மா, சாப்பிடுங்க’ என்று குழந்தையையே மரியாதையுடன் அழைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? இருந்தால் விடாதீர்கள். மராத்தியும் இந்தியும் சூழ்ந்த ஊரில், அந்த ‘ங்க’ விகுதியை அவள் வேறெங்கே கேட்கப்போகிறாள்? (நாத்தனாரும் குழந்தையைக் கொஞ்சும்போது என்ன பேசுகிறார் என்று சற்றுக் கவனித்துப் பாருங்கள்.)