பார்ஸ்னிப் முளைக்கவில்லை என்று கேட்ட தம்பிக்கு

குளிர்நாட்டுக்குப் புதிதாக வந்து, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் கிடைத்ததும், கேரட் மாதிரி நீளமாக, வெளிர் நிறத்தில் இருக்கும் பார்ஸ்னிப் கிழங்கை விதைத்திருக்கிறீர்கள். மூன்று வாரமாகியும் ஒரு முளைகூடத் தலைகாட்டவில்லை, பாத்தியைக் கொத்திவிட்டு வேறு எதையாவது போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். வெயிலில் வளர்ந்த நமக்கு இந்த ஊர் மண் ஒத்துவருமா என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கிறது. கொத்தாதீர்கள் தம்பி. பாத்தி காயாமல் பார்த்துக்கொண்டு இன்னும் இரண்டு வாரமாவது பொறுத்திருங்கள். மண் ஒத்துவரும். நாம்தான் அதன் வேகத்துக்குப் பழக வேண்டும், அதற்கு இதைவிட நல்ல செடி கிடையாது.

சூடான மண்ணில் விதைத்துப் பழகியவர்களுக்கு நான்கைந்து நாளில் முளை தெரிய வேண்டும், தெரியாவிட்டால் விதை செத்துவிட்டது என்று தோன்றும். பார்ஸ்னிப்புக்கு மண்ணின் சூடுதான் கணக்கு. மண் 5 டிகிரி செல்சியஸில் இருந்தால் முளைக்க ஏறக்குறைய இரண்டு மாதம் பிடிக்கும். 10 டிகிரியில் நான்கு வாரம், 20 டிகிரியில் இரண்டு வாரம். அதற்காக இன்னும் சூடானால் இன்னும் சீக்கிரம் முளைக்கும் என்று நினைக்க வேண்டாம். 30 டிகிரியில் மறுபடியும் ஒரு மாதம் இழுக்கும், முளைக்கும் விதைகளும் குறைந்துவிடும். குளிர்காலம் முடியும்போதே விதைக்கலாம் என்று பல பொட்டலங்களில் போட்டிருக்கும். குளிர்ந்த ஈர மண்ணில் வாரக்கணக்கில் கிடந்து விதை அழுகுவதற்குத்தான் அது வழி. மண் 10 டிகிரியைத் தொட்ட பிறகு விதையுங்கள். நாள்காட்டியை நம்புவதைவிட மண்ணில் செருகும் வெப்பமானி ஒன்று வைத்துக்கொள்வது மேல்.

விதை எந்த வருடத்தது என்றும் பாருங்கள். பார்ஸ்னிப் விதைக்கு ஆயுள் குறைவு, ஒரு வருடம் தாண்டினால் முளைப்பு சட்டென்று விழுந்துவிடும். போன வருடத்து மிச்சம் இருந்தால் யோசிக்காமல் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள். விதை சருகு மாதிரி தட்டையாக, எடையே இல்லாமல் இருக்கும். காற்றடிக்கும் நாளில் விதைத்தால் பாதி பறந்துவிடும்.

காத்திருக்க மனம் ஒப்பாவிட்டால் வீட்டுக்குள் முளைகட்டிக்கொள்ளலாம். ஈரமான சமையலறைத் தாளில் விதைகளைப் பரப்பி, மூடிய டப்பாவில் வைத்து, பத்து நாள் கழித்துத் தினமும் பாருங்கள். வெள்ளை வேர்நுனி எட்டிப்பார்த்ததும், அது நீளுவதற்குள், எடுத்து மண்ணில் வைத்துவிட வேண்டும். குழித்தட்டில் நாற்று வளர்த்துப் பிடுங்கி நடும் வேலை மட்டும் வேண்டாம். முதலில் இறங்கும் ஆணிவேர்தான் பின்னால் கிழங்காகிறது. அதன் நுனி முறிந்தால் கிழங்கு கவைகவையாகப் பிரிந்துவிடும்.

விதைக்கும் ஆழம் 1 முதல் 1.5 சென்டிமீட்டர் போதும். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் விடுங்கள். வரிசையில் 15 சென்டிமீட்டருக்கு ஓர் இடமாக மூன்று மூன்று விதை. இடையில் முள்ளங்கி விதையையும் தூவிவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் அது முளைத்து வரிசை எங்கே போகிறது என்று காட்டிவிடும், நீங்களும் பயமில்லாமல் களை எடுக்கலாம். பார்ஸ்னிப் தேறி வருவதற்குள் முள்ளங்கியைப் பிடுங்கிவிடலாம். முளைத்த பிறகு ஓர் இடத்தில் நல்லதாக ஒன்றை மட்டும் வைத்துவிட்டு மற்றதைக் கலைத்துவிடுங்கள். மனசு வராமல் எல்லாவற்றையும் விட்டுவைத்தால் எல்லாமே குச்சியாகத்தான் விளையும்.

மண் விஷயத்தில் கொஞ்சம் மெனக்கெடத்தான் வேண்டும். குறைந்தது ஓர் அடி ஆழத்துக்குக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி, கல்லைப் பொறுக்கிவிடுங்கள். புதிய எரு போடக் கூடாது. எருவைத் தேடி வேர் நாலாபக்கமும் கிளைக்கும். போன பருவத்தில் வேறு பயிருக்கு எரு போட்ட பாத்திதான் இதற்கு ஏற்றது. உங்கள் மண் கனமான களிமண்ணாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. கடப்பாரையை ஆழமாக இறக்கிச் சுழற்றினால் கூம்பு வடிவில் குழி கிடைக்கும். அதில் மணலும் சலித்த மட்கு உரமும் கலந்து நிரப்பி மேலே விதையுங்கள். போட்டிக்காக நீளமான கிழங்கு வளர்ப்பவர்கள் செய்வது இதைத்தான். அவ்வளவு வேலைக்கு நேரம் இல்லையென்றால் அவான்ரெசிஸ்டர் போன்ற குட்டைக் கிழங்கு ரகத்தைப் போடுங்கள். கிழங்கின் தோளில் பழுப்பாக அழுகல் விழும் கேன்கர் நோயையும் அது ஓரளவு தாங்கும்.

நல்ல மண்ணும் நல்ல தேர்வும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 1840களின் கடைசியில் இங்கிலாந்தின் சிரென்செஸ்டரில் ஜேம்ஸ் பக்மன் என்ற பேராசிரியர், மேட்டு நிலத்தில் தானாக முளைத்துக் கிடந்த காட்டுப் பார்ஸ்னிப்பின் விதையை எடுத்து வேளாண் கல்லூரித் தோட்டத்தில் விதைத்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் நல்ல கிழங்காகப் பொறுக்கி விதைக்கு விட்டார். நாரும் கவையுமாக இருந்த காட்டு வேர் சில வருடங்களில் சதைப்பற்றான கிழங்காகிவிட்டது. 1860இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த ரகம் அதுதான்.

கோடையில் பெரிய வேலை இல்லை. தண்ணீர் மட்டும் சீராகக் கிடைக்க வேண்டும். காயவிட்டுத் திடீரென்று பாய்ச்சினால் கிழங்கு வெடிக்கும், வெடித்த இடத்தில் நோய் நுழையும். களைகொத்தி கிழங்கின் தோளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேரட் ஈ இதையும் தாக்கும். மென்மையான வலைத்துணியால் பாத்தியை மூடி, ஓரங்களை மண்ணில் புதைத்துவிட்டால் ஈ உள்ளே வராது.

தோல் விஷயத்தில் கவனம் தேவை, குறிப்பாகக் குழந்தைகள் தோட்டத்தில் விளையாடும் வீட்டில். இலையிலும் தண்டிலும் உள்ள சாறு தோலில் பட்டு, அந்த இடத்தில் வெயிலும் பட்டால் தீக்காயம் போலக் கொப்புளம் வரும். ஆறிய பிறகும் கருப்புத் தழும்பு பல மாதம் நிற்கும். அதனால் கலைக்கும்போதும் இலை வெட்டும்போதும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்த நேரத்தில் செய்வது நல்லது. சாறு பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, அந்த இடத்தை வெயில் படாமல் மூடிவையுங்கள்.

இலையுதிர்காலத்தில் இலை மஞ்சளாகித் தோட்டம் காலியானதும் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சோர்வு வரும். பார்ஸ்னிப்புக்கு நல்ல காலம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. குளிர் உறையும் அளவுக்கு இறங்கும்போது கிழங்கிலுள்ள மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். பீட்ரூட் இனத்திலிருந்து சர்க்கரை எடுக்கும் தொழில் வளருவதற்கு முன் ஐரோப்பாவில் இனிப்புக்கே இந்தக் கிழங்கைப் பயன்படுத்தினார்கள். அதனால் உறைபனி இரண்டு மூன்று முறை விழுந்த பிறகு தோண்டுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தோண்ட வேண்டாம், மண்ணை விட நல்ல சேமிப்பு இடம் இல்லை. இலை பட்டுப்போனால் இடம் தெரியாது என்பதால் வரிசையின் இரு முனையிலும் குச்சி நட்டுவையுங்கள். மண் கல்லாக உறையும் ஊரென்றால் மேலே வைக்கோலை ஓர் அடி கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், நடுக்குளிரிலும் தோண்ட முடியும். வெறும் கையால் இழுத்தால் நடுவில் முறியும், பக்கத்தில் முள்கரண்டி மண்வெட்டியை இறக்கி நெம்பி எடுங்கள்.

மறுபடி இளவேனில் வந்து புதுத் தளிர் விடுவதற்குள் எடுத்து முடித்துவிட வேண்டும். விட்டால் கிழங்கின் நடு கட்டைபோல ஆகிவிடும். ஆனால் நல்ல கிழங்காக நான்கைந்தை மட்டும் அப்படியே விட்டுவையுங்கள். இது இரண்டு வருடச் செடி. அடுத்த கோடையில் ஆளுயரத்துக்கு வளர்ந்து மஞ்சள் பூக்குடை விரிக்கும். விதை பழுப்பானதும், உதிரும் முன், கையுறையோடு வெட்டிக் காயவைத்துக்கொண்டால் அடுத்த விதைப்புக்குப் புது விதை கையில் இருக்கும். கலப்பின ரகமாக இருந்தால் மட்டும் இது வேண்டாம், அதன் விதை தாய்ச்செடியைப் போல வராது.