பொய் வலியா, பிரசவ வலியா?

(31 ஆண்டுகள் பிரசவ அறையில் செவிலியராக இருந்தவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: சிஸ்டர், எனக்கு இது தலைப்பிரசவம். 38 வாரம் முடிந்துவிட்டது. ராத்திரி படுத்தால் வயிறு கல் மாதிரி இறுகுகிறது. இரண்டு முறை மருத்துவமனைக்குப் போனோம். 'பொய் வலி' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனிமேல் போகவே கூச்சமாக இருக்கிறது. நிஜமான வலி வந்தால் எனக்குத் தெரியுமா?

பதில்: முதலில் அந்தக் கூச்சத்தை விடுங்கள் அம்மா. மூன்று நான்கு முறை வந்து திரும்பிப் போன பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களை நினைத்து நான் கவலைப்பட்டதே இல்லை. மறுபடி திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று வீட்டிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, கடைசி நேரத்தில் ஓடிவந்தவர்களை நினைத்துத்தான் பதறியிருக்கிறேன்.

பொய் வலி என்ற பெயரே எனக்குப் பிடிக்காது. உங்களுக்கு வலிப்பது நிஜம்தானே? கர்ப்பப்பை சுருங்குகிறது, ஆனால் அதன் வாய் இன்னும் திறக்கத் தொடங்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். இந்த வலி வந்த வேகத்தில் போய்விடும். 10 நிமிடத்தில் ஒன்று, அப்புறம் அரை மணி கழித்து ஒன்று என்று முன்னுக்குப் பின் முரணாக வரும். எழுந்து நடந்தாலோ, புரண்டு படுத்தாலோ, வெந்நீரில் குளித்தாலோ பெரும்பாலும் அடங்கிவிடும். பிரசவ வலி எதற்கும் அடங்காது. நேரம் ஆக ஆக இடைவெளி குறையும், ஒவ்வொரு வலியும் நீளும், பலமும் கூடும்.

அதனால் ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வலி தொடங்கிய நேரத்தையும் விட்ட நேரத்தையும் எழுதுங்கள். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்த வலி தொடங்கும் வரை உள்ள நேரம்தான் இடைவெளி. பலர் வலி விட்டதிலிருந்து கணக்கிட்டுக் குழம்பிப்போகிறார்கள். 5 நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 நிமிடம், இது 1 மணி நேரமாக மாறாமல் வருகிறது என்றால் கிளம்பிவிடுங்கள். மருத்துவமனை தூரம் என்றால் அதற்கும் முன்பே.

இன்னொன்று, நாங்கள் பயிற்சியில் கற்றுக்கொண்டது. வலி வரும்போது வயிற்றின் மேல்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். மூக்கு நுனி மாதிரி அமுங்கினால் லேசான சுருக்கம். தாடை மாதிரி இருந்தால் நடுத்தரம். நெற்றி மாதிரி, அமுங்கவே இல்லையென்றால் பலமான சுருக்கம்.

வலி வயிற்றில்தான் தொடங்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். நானே பிரசவ அறையில் வேலை பார்த்தவள். என் தலைப்பிரசவத்தில் முதல் 6 மணி நேரம் அதை வெறும் இடுப்பு வலி என்றே நினைத்துவிட்டேன். முதுகுக்கடியில் பிடித்துப் பிடித்து விட்டதே தவிர, முன்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை.

ரத்தம் கலந்த சளி கொஞ்சம் பட்டால், கர்ப்பப்பை வாய் இளகத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். வலி அன்றைக்கே வரலாம், சில நாள் கழித்தும் வரலாம். ஆனால் மாதவிலக்கு மாதிரி ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கடுமையான தலைவலியோடு கண் மங்கினாலோ கடிகாரம் பார்க்க வேண்டாம். உடனே கிளம்புங்கள். இதைப் படிப்பவர்களில் 37 வாரம் முடியாதவர்கள் இருந்தால், விட்டு விட்டு வலி வந்தாலே போய்க் காட்டிவிடுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு 39 வாரம். வலி இல்லாமலே பனிக்குடம் உடைந்தால் காலை வரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் வலி தானாக வந்துவிடும். ஆனால் நேரம் போகப் போகத் தொற்று வரும் வாய்ப்பு கூடும். உடைந்த நேரத்தையும் நீரின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவமனையில் முதல் கேள்வியே அதுதான். தெளிவாக இருந்தால் நிதானமாகப் போகலாம். பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளே மலம் கழித்திருக்கிறது, தாமதிக்கக் கூடாது. தொப்புள்கொடி வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். அவரை முழங்காலிட்டு, தலையைத் தாழ்த்தி, இடுப்பை உயர்த்தி இருக்கச் சொல்லிவிட்டு உடனே ஆம்புலன்சை அழையுங்கள்.

கேள்வி: 3 வருடத்துக்கு முன் குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருந்ததால் சிசேரியன் செய்தார்கள். இப்போது தலை கீழேதான் இருக்கிறது. எனக்கு சுகப்பிரசவ ஆசை. 'ஒருமுறை கத்தி வைத்தால் எப்போதும் கத்திதான்' என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?

பதில்: அவர் பயத்தில் சொல்கிறார், அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. பழைய தையல் விட்டுப்போகும் அபாயம் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு உண்டு. அரிதுதான், ஆனால் வந்தால் நிமிடக் கணக்கில் அறுவை சிகிச்சை நடந்தாக வேண்டும். மறுபக்கம், ஒரு சிசேரியனுக்குப் பின் முயற்சி செய்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு சுகப்பிரசவம் ஆகிறது. உங்களுக்கு முதல்முறை இருந்த காரணம் இந்தமுறை இல்லை. இடைவெளியும் போதுமானது. இவை இரண்டும் நல்ல அறிகுறிகள்.

பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பை வாங்கி மருத்துவரிடம் காட்டுங்கள். வெளியே தெரியும் தழும்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கர்ப்பப்பையில் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால் முயற்சி செய்யலாம். மேல்பகுதியில் நெடுக்காக வெட்டியிருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை அடைத்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். அப்புறம், அந்த மருத்துவமனையில் இரவு 2 மணிக்கும் அறுவை அரங்கும் மயக்க மருத்துவரும் தயாராக இருப்பார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

மூன்றாவது குழந்தையும் வேண்டும் என்று நினைத்தால் அதையும் இப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். சிசேரியன் எண்ணிக்கை கூடக் கூட, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் கூடுகிறது. முயற்சியின் நடுவே குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கி, சிசேரியன்தான் என்று முடிவானால், 'தோற்றுவிட்டேன்' என்று மட்டும் அழாதீர்கள். அப்படி அழுத தாய்மார்களின் கையில் குழந்தையைக் கொடுத்திருக்கிறேன். அந்த அழுகைக்கு அவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை.

கேள்வி: குறித்த தேதி தாண்டி 2 நாள் ஆகிறது. வலியே இல்லை. பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம். குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் 20இல் ஒன்றுதான். அசைவைக் கவனியுங்கள், பரிசோதனைக்குத் தவறாமல் போங்கள். 41 வாரம் தாண்டினால் வலி வரவழைப்பது பற்றி மருத்துவரே பேசுவார்.