பூல் க்யூவின் (பந்தை அடிக்கும் கோலின்) மர ஷாஃப்ட்டை (முன்துண்டை) நாமே மாற்றியமைத்து டிஃப்ளெக்‌ஷனைக் குறைக்க முடியுமா?

முடியும். நான் செய்திருக்கிறேன். ஆனால் ஒரு நல்ல ஷாஃப்ட்டைக் கெடுத்த பிறகுதான் எங்கே கை வைக்க வேண்டும் என்று புரிந்தது. அதனால் கெடுத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

துபாயில் வேலை பார்த்தபோது வாங்கிய க்யூ. மேப்பிள் மரம், இரண்டு துண்டாகக் கழலும், முனை 13 மி.மீ. கூடவே ஓர் உபரி ஷாஃப்டும் வாங்கியிருந்தேன். கீழக்கரைக்குத் திரும்பியபோது எல்லாம் பெட்டியோடு வந்து சேர்ந்தன. இங்கே மச்சான் வீட்டு மாடியில் எட்டடி மேசை ஒன்று கிடக்கிறது. தினமும் இஷா தொழுகைக்குப் பிறகு அங்கேதான்.

சைடு வைத்து, அதாவது பந்து சுழல நடுவை விட்டுப் பக்கவாட்டில் அடிக்கும்போதுதான் தொல்லை. வெள்ளைப் பந்தின் வலப்பக்கம் அடித்தால், க்யூ காட்டும் திசையில் போகாமல் பந்து இடப்பக்கம் விலகும். இடப்பக்கம் அடித்தால் வலப்பக்கம். நீங்கள் கேட்கும் டிஃப்ளெக்‌ஷன் இதுதான். “ஷாஃப்ட் ரொம்ப விறைப்பா இருக்கு மச்சான், கொஞ்சம் வளையிற மாதிரி ஆக்குனா சரியாயிடும்” என்றான் என் மச்சான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. உப்புத்தாளை எடுத்து ஷாஃப்ட்டின் நடுப்பகுதியை இரண்டு நாள் தேய்த்தேன். தூண்டில் கம்பு மாதிரி ஆட ஆரம்பித்ததே தவிர, பந்து விலகுவது அப்படியே இருந்தது.

காரணம் வளைவில் இல்லை, முனையின் எடையில் இருக்கிறது. க்யூ முனையில் ஒட்டியிருக்கும் தோலான டிப், பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்த நேரத்துக்குள் பந்து சுழலத் தொடங்கி டிப்பைப் பக்கவாட்டில் தள்ளும். தள்ளினால் எதிர்த்தள்ளல் இருக்குமே, அதுதான் பந்தை மறுபக்கம் ஒதுக்குகிறது. வள்ளத்தில் நின்றுகொண்டு பக்கத்தில் கட்டியிருக்கும் விசைப்படகைக் காலால் உந்திப் பாருங்கள். விசைப்படகு அசையாது, வள்ளம்தான் விலகும். அதே உந்தலைத் தெர்மாகோல் தெப்பத்தின் மேல் கொடுத்தால் தெப்பம் ஓடிவிடும், வள்ளம் கிடந்த இடத்தில் கிடக்கும். பந்துதான் வள்ளம். முனை எவ்வளவு கனமோ அவ்வளவுக்குப் பந்து விலகும். அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் பக்கவாட்டு அதிர்வு ஷாஃப்ட்டில் கொஞ்ச தூரமே பின்னால் போக முடியும் என்பதால், முனையிலிருந்து சில அங்குலம் வரை உள்ள எடைதான் கணக்கு. பின்பிடியில் எவ்வளவு ஈயம் இருந்தாலும் இதற்குச் சம்பந்தமில்லை. 2001இல் ரான் ஷெப்பர்ட் எழுதிய கட்டுரையில் இந்தக் கணக்கு விரிவாக இருக்கிறது. பிரிடேட்டர் என்ற க்யூ கம்பெனி முன்பக்கத்தைக் குடைந்த ஷாஃப்டை விற்கத் தொடங்கியது அதற்கும் முன்னால், தொண்ணூறுகளில்.

மரத்தில் கை வைக்கும் முன் அளந்துகொள்ளுங்கள். நான் செய்தது இப்படி. வெள்ளைப் பந்தை மேசையின் நடுக்கோட்டில் வைத்து, அதிலிருந்து 150 செ.மீ. தள்ளி ஓர் அடிக்கோலைக் குறுக்கே படுக்க வைத்தேன். க்யூவை நடுக்கோட்டுக்கு இணையாகவே பிடித்து, 10 மி.மீ. மட்டும் பக்கவாட்டில் நகர்த்தி, படுக்கையாக, கொஞ்சம் பலமாக அடித்தேன். மெதுவாக அடித்தால் பந்து துணியில் வளைந்து அளவைக் கெடுத்துவிடும். 14 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் டிப் வழுக்கிவிடும், அதனால் 10 போதும். பந்து எந்த இடத்தில் அடிக்கோலில் மோதுகிறது என்பதை மச்சான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துச் சொல்வான். உபரி ஷாஃப்டில் இருபது முறை அடித்ததில் சராசரி விலகல் 6 செ.மீ., அதாவது ஒரு பந்தின் அகலத்துக்கும் கொஞ்சம் மேல். நடுவில் தேய்த்த ஷாஃப்டுக்கும் அதே 6தான்.

அப்புறம் உபரி ஷாஃப்டை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் ஓடாவி ஒருவரிடம் போனேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், மரப்படகு கட்டும் ஆசாரியை இங்கே ஓடாவி என்போம். அவரிடம் கடைசல் இயந்திரம் உண்டு. முதல் வேலை, முன்பக்கத்து ஓரடியை 12 மி.மீ.க்குக் கடைந்தது. இரண்டாவது, ஓர் அங்குல நீளத்தில் முனைக்குப் பூணாக இருந்த ஃபெரூலைக் கழற்றிவிட்டுப் பாதி நீளத்தில் லேசான பிளாஸ்டிக் ஒன்றை வைத்தது. டிப்புக்கு அடியிலேயே இருப்பதால் ஃபெரூலில் குறையும் ஒவ்வொரு கிராமும் பேசும். உங்கள் க்யூவில் கனமான பித்தளை ஃபெரூல் இருந்தால் அதை மாற்றுவதோடு நிறுத்திக்கொண்டாலும் வித்தியாசம் தெரியும். இந்த இரண்டிலேயே 6 செ.மீ. 5 ஆனது.

மூன்றாவது வேலை துளை. முனையிலிருந்து நேர் உள்ளே, 6 மி.மீ. அகலம், 5 அங்குல ஆழம். கணக்குப் பார்த்தால் வெளியே வரும் மரம் இரண்டரை கிராம்தான். ஓடாவி ஷாஃப்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, மரத்தோட ரேகை எங்க போகுதோ அங்கதான் துளையும் போகும். மொதல்ல அந்தக் கெட்டுப்போனதக் குடு.” தேய்த்துப் பாழாக்கிய ஷாஃப்டைக் கொடுத்தேன். நாலாவது அங்குலத்தில் துளைபோடும் பிட் பக்கவாட்டில் பொத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு பிட்டை அசையாமல் நிறுத்தி, ஷாஃப்டைச் சுழலவிட்டார். கால் அங்குலம் உள்ளே, வெளியே இழுத்துத் தூளை ஊதித் தட்டு, மறுபடி கால் அங்குலம். சூடானால் நிறுத்தம். அந்த ஐந்து அங்குலத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, நடுவில் இரண்டு டீ.

துளை போட்டபின் ஃபெரூல் உட்கார மரத்தில் தண்டு மிஞ்சாது. அதனால் ஃபெரூலின் அடியிலேயே ஒரு சின்னத் தண்டு விட்டுக் கடைந்து, அதைத் துளைக்குள் இறக்கி ஒட்டினோம். ஒட்டும் முன் உள்சுவரில் நீர்த்த சூப்பர் குளூவை ஓடவிட்டு உலர வைத்தேன். எங்கள் கடற்கரைக் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் பூச்சில்லாத மரம் தண்ணீர் குடித்து நெளிந்துவிடும். மழை மாதங்களில் ஷாஃப்டைச் சுவரில் சாய்த்து வைப்பதே இல்லை, கயிற்றில் தொங்கவிடுகிறேன்.

கடைசி அளவு 4 செ.மீ. மாறாமல் நிற்கிறது. அடிக்கும் சத்தம்தான் மாறிவிட்டது. முன்பு ‘டக்’ என்று இருந்தது, இப்போது காலி டப்பாவைத் தட்டின மாதிரி. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது, பழகிவிட்டது.

பழகாத விஷயம் இன்னொன்று. பல வருடமாக விலகலைக் கணக்கில் வைத்துக் குறியைத் தள்ளிப் பிடித்த கை, புது ஷாஃப்டிலும் அதே அளவு தள்ளியது. ஏறத்தாழ ஒரு மாதம் சைடு வைத்த எந்தப் பந்தும் குழிக்குள் போகவில்லை, மச்சானுக்குத்தான் கொண்டாட்டம். வாரம் ஒருமுறை ஆடுகிறவர் என்றால் இந்த வேலையே வேண்டாம் என்பேன். அதற்குப் பதில், க்யூவைத் தாங்கி மேசையில் ஊன்றும் முன்கைக்கும் பந்துக்கும் உள்ள தூரத்தை மாற்றிப் பாருங்கள். நேராகக் குறி வைத்து, முன்கையை அசைக்காமல் பின்கையை மட்டும் நகர்த்திச் சைடு எடுத்தால், ஒரு குறிப்பிட்ட தூரத்தில் விலகல் தானாகச் சரியாகிவிடும். என் பழைய ஷாஃப்டுக்கு அது பந்திலிருந்து ஒரு சாண், துளைத்ததற்கு ஒன்றரை சாண். செலவு ஒன்றுமில்லை.

துளைத்த ஷாஃப்டை பிரேக் அடிக்க, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பலமான முதல் அடிக்கு மட்டும் எடுக்காதீர்கள். முனையில் மிச்சம் இருப்பது மூன்று மி.மீ. சுவர். பிரேக்குக்கு நான் தனியாக ஒரு பழைய ஒற்றைத்துண்டு க்யூ வைத்திருக்கிறேன், பித்தளை ஃபெரூலோடு.