நீதிபதி தவறிழைத்தாலோ, பணியாற்ற இயலாமல் போனாலோ அவர்மீது நடவடிக்கை எடுக்க வழி உண்டா?

உண்டு. உங்கள் வழக்கை விசாரிக்கும் நீதிபதியின்மீது ஏற்பட்ட மனக்குறையால்தான் இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று கருதி எழுதுகிறேன்.

முன்சீப் முதல் மாவட்ட நீதிபதி வரை அனைவரும் அரசியலமைப்பின் 235ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். புகாரை உறுதிமொழிப் பத்திரத்தோடும் ஆதாரத்தோடும் அங்கே அனுப்ப வேண்டும். தீர்ப்பு பாதகமாக வந்தது என்பது மட்டும் புகாராகாது. அதற்கு மேல்முறையீடு இருக்கிறது. உயர், உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நாடாளுமன்றம்தான் நீக்க முடியும். மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையொப்பமிட்டால்தான் தீர்மானமே தொடங்கும். உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த வி. ராமசாமியின்மீது சாட்டப்பட்ட 14 குற்றச்சாட்டுகளில் 11 மெய்ப்பிக்கப்பட்டதாக விசாரணைக் குழு கூறியும், 1993இல் மக்களவையில் 205 உறுப்பினர்கள் வாக்களிக்காமல் இருந்துவிட்டதால், வேண்டிய பெரும்பான்மை கிடைக்காமல் தீர்மானம் தோற்றது. ஆதரவாக 196 வாக்குகள் விழுந்தன; எதிராக ஒன்றுகூட இல்லை.

ஆனால் நீக்குவதற்கான காரணமாக 'மெய்ப்பிக்கப்பட்ட தகாத நடத்தை அல்லது இயலாமை' என்று சட்டம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறதே, அந்த இரண்டாவது சொல்லைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நான் கீழமை நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசியாக நான் பணியாற்றிய நீதிபதி, ஒருவர் வீட்டிலும் காபிகூட அருந்தாத நேர்மையாளர். ஒருநாள் பாகப்பிரிவினை வழக்கொன்றில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வந்தவர், சொத்து விவரத்துக்கு வந்ததும் முந்தைய நாள் முடித்த வேறொரு வழக்கின் நான்கெல்லையைச் சொன்னார். நான் வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்துச் சரியான எல்லைகளைத் தட்டச்சு செய்து வைத்தேன். அவர் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டார். பிறகொரு நாள், குறுக்கு விசாரணை முடிந்து கூண்டிலிருந்து இறங்கிய மூதாட்டியிடம் மூன்றாம் முறையாகப் பெயரைக் கேட்டார். அந்த அம்மாள் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். பெஞ்ச் கிளார்க்கும் நானும் ஏறத்தாழ எட்டு மாதங்கள் இப்படியே தாங்கிப் பிடித்தோம். இறுதியில் அவருடைய மனைவிதான் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அவரும் விருப்ப ஓய்வு பெற்றுக்கொண்டார்.

அப்போதே மேலே எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதினால் அது ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பாகத்தான் போகும். வாழ்நாளெல்லாம் கை நீட்டாதவரின் பெயர் கை நீட்டியவர்களின் பெயரோடு சேரும் என்று அஞ்சினேன். நான் செய்தது சரி என்று வாதிட வரவில்லை. என் கண்ணில் பட்ட பிழைகளைத் திருத்தினேன். படாதவை எத்தனை பேருடைய நிலத்தில் போய் விழுந்தனவோ என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. நீதித்துறையை இழிவுபடுத்துகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். நோயுற்ற நீதிபதியைக் குற்றவாளிபோல் நடத்தாமல், மருத்துவப் பரிசோதனைக்குப் பின் மரியாதையோடு இருக்கையிலிருந்து விடுவிக்கத் தனியே ஒரு வழி வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஓட்டுநருக்குக் கண் பரிசோதனை கேட்கும் நாட்டில் இது மிகையான கோரிக்கை அன்று.

எனவே நீங்கள் கண்டதை மட்டும் வழக்கு எண், வாய்தா தேதியோடு குறித்து வையுங்கள். கண்டது மறதி என்றால் மறதி என்றே எழுதுங்கள். கோபத்தில் ஊழல் என்று எழுதிவிடாதீர்கள்.